பெல்ட்டைக் கழற்றலாம், வெற்றியைக் கழற்ற முடியுமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் குத்துச்சண்டை ரசிகர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'மறுக்க முடியாத சாம்பியனை முடிவு செய்வது நான்கு பெல்ட்டுகளா, சாம்பியனை வீழ்த்திய வெற்றியா?' என்பது தலைப்பு. வெற்றிதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் நல்ல வாதம் ஒன்றை வைத்தார். டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று உலகப் பட்டமும் அதற்கான பெல்ட்டும் தரும் பெரிய அமைப்புகள் நான்கு. நான்கின் பெல்ட்டும் ஒருவர் இடுப்பில் சேர வேண்டுமானால் எல்லாரையும் அடித்துத்தான் ஆக வேண்டும். அதைவிட வேறென்ன சான்று வேண்டும் என்று கேட்டார். 2004 செப்டம்பரில் ஆஸ்கர் டி லா ஹோயாவின் ஈரல் பக்கம் இடது ஹூக் ஒன்றை இறக்கி, நான்கையும் சேர்த்து வைத்திருந்த முதல் ஆண் வீரரான பெர்னார்ட் ஹாப்கின்ஸை எடுத்துக்காட்டினார். ஹாப்கின்ஸ் பெரிய ஆள், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் பெல்ட் கைக்கு வருகிற வழியைச் சொன்ன நண்பர், அது கையை விட்டுப் போகிற வழியைச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். அதை நான் சொல்கிறேன்.

2024 மே 18, ரியாத். ஹெவிவெயிட் எடைப் பிரிவில் ஒலெக்சாண்டர் உசிக்கும் டைசன் ஃபியூரியும் மோதுகிறார்கள். அந்த ஒன்பதாவது ரவுண்டை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. உசிக்கின் இடது கை ஃபியூரியின் முகத்தில் இறங்குகிறது. அவ்வளவு பெரிய உடம்பு தள்ளாடி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகிறது. கயிறு தாங்கிப் பிடித்ததால்தான் விழவில்லை. அதையும் விழுந்ததாகவே கணக்கிட்டு ரெஃப்ரி நடுவில் புகுந்து எண்ணுகிறார். எண்ணி முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருக்கிறது. கடைசியில் புள்ளி போடும் மூவரின் அட்டைகளில் இரண்டில் உசிக் 115-112, 114-113. ஒன்றில் ஃபியூரி 114-113. அந்த எண்ணிக்கைக்குக் கிடைத்த ஒரு புள்ளி இல்லாதிருந்தால் போட்டி சமனில் முடிந்திருக்கும். அப்படி உயிரைக் கொடுத்து வாங்கிய நான்கு பெல்ட் அது.

சரி, எத்தனை நாள் இருந்தது? ஜூன் மாதமே ஐபிஎஃப் பெல்ட்டை அவர் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. ஃபியூரியோடு மறுபோட்டிக்கு ஏற்கெனவே ஒப்பந்தம் இருந்தது. ஐபிஎஃப்போ தான் கைகாட்டும் ஆளோடு சண்டை போடச் சொன்னது. பெல்ட் யாரிடம் போனது தெரியுமா, நடுவர் அவர்களே? டேனியல் டுபுவாவிடம். 2023 ஆகஸ்டில் போலந்தில் இதே உசிக்கிடம் ஒன்பதாவது ரவுண்டில் நாக் அவுட் ஆன டுபுவாவிடம்! தோற்றவர் வீட்டில் பெல்ட், வென்றவர் இடுப்பில் மூன்று. டிசம்பரில் உசிக் ஃபியூரியை மறுபடியும் வென்றார், அப்போதும் மூன்றுதான். 2025 ஜூலையில் வெம்ப்ளியில் டுபுவாவை ஐந்தாவது ரவுண்டில் படுக்க வைத்த பிறகுதான் நான்காவது திரும்பி வந்தது. எதிரணியின் அளவுகோலை வைத்தால், இடைப்பட்ட ஓர் ஆண்டுக்கு மேல் ஹெவிவெயிட்டில் மறுக்க முடியாத சாம்பியனே கிடையாது. உசிக் யாரிடமாவது தோற்றாரா? இல்லையே! பிறகு எப்படிப் பறிபோனது அந்தப் பெயர்?

சாம்பியன்கள் சவால்காரர்களுக்குப் பயந்து ஒளிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகத்தான், அமைப்பு கைகாட்டும் ஆளோடு மோத வேண்டும் என்ற அந்த விதி என்பார்கள். நியாயம்தான், விதி இருக்கட்டும். அது பெல்ட்டின் கதியை முடிவு செய்யட்டும். சாம்பியன் யார் என்பதை முடிவு செய்யும் உரிமையை அதற்கு யார் கொடுத்தது?

இது இன்று நேற்று வந்த வியாதியும் இல்லை. 1978 பிப்ரவரியில் லியோன் ஸ்பிங்க்ஸ் என்ற இளைஞர், தன் எட்டாவது தொழில்முறைச் சண்டையிலேயே முகமது அலியைத் தோற்கடித்தார். கென் நார்ட்டனோடு மோதாமல் அலிக்கே மறுவாய்ப்புத் தர விரும்பினார் என்பதற்காக, அடுத்த மாதமே டபிள்யூபிசி அவரிடமிருந்து பட்டத்தைப் பறித்து நார்ட்டனுக்குக் கொடுத்துவிட்டது. நார்ட்டன் சாதாரண ஆள் இல்லை, அலியின் தாடையையே உடைத்தவர். ஆனால் தன் வாழ்நாளில் ஒரே ஒரு உலகப் பட்டப் போட்டியில்கூட அவர் வென்றதில்லை. பெல்ட் அவர் இடுப்புக்கு வந்தது குத்தினால் இல்லை, காகிதத்தால்.

'வென்றவனை வென்றவன்தான் சாம்பியன் என்கிறீர்களே, சாம்பியன் ஓய்வு பெற்றுவிட்டால்?' என்று எதிரணியில் கேட்டார்கள். 1956-இல் ராக்கி மார்சியானோ தோல்வியே இல்லாமல் விலகினார். அந்த ஆண்டு நவம்பரிலேயே ஃபிளாய்ட் பேட்டர்சனும் ஆர்ச்சி மூரும் சிகாகோவில் மோதி, பேட்டர்சன் புதிய சாம்பியன் ஆனார். அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டதும் கையுறைதான்.

கடைசியாக ஒன்று சொல்லி அமர்கிறேன். 1987 ஆகஸ்டில் மைக் டைசன் அன்றிருந்த மூன்று பெரிய பெல்ட்டுகளையும் சேர்த்துவிட்டார். எதிரணியின் கணக்கில் அன்றே கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. லியோனின் தம்பி மைக்கேல் ஸ்பிங்க்ஸ் தோல்வி காணாமல் வெளியே நின்றுகொண்டிருந்தார். அதுவரை சாம்பியனாக இருந்த லாரி ஹோம்ஸை வீழ்த்தியவர் அவர். ஜெரி கூனியோடு மோதப் போனதற்காக அவரிடமிருந்து ஐபிஎஃப் பறித்த பெல்ட்தான், டோனி டக்கர் என்ற வீரர் வழியாகச் சுற்றி டைசனிடம் வந்திருந்தது. 'ஸ்பிங்க்ஸை அடித்தாரா?' என்ற கேள்வி ஏறக்குறைய ஒரு வருடம் டைசனைத் துரத்தியது. 1988 ஜூன் 27, அட்லாண்டிக் சிட்டி. விலாவில் ஒரு குத்து விழ, ஸ்பிங்க்ஸின் முழங்கால் தரையைத் தொட்டது. எழுந்து வந்தவரை டைசனின் வலது கை சாய்த்தது. மொத்தம் 91 வினாடி. அன்று மேடையேறியபோதும் டைசனிடம் மூன்று பெல்ட், இறங்கியபோதும் அதே மூன்றுதான். ஆனால் மறுநாள் காலையில் அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவரும் இல்லை, நடுவர் அவர்களே!