எல்லா அளவும் வைத்திருக்கிற கடை

(நியூ ஜெர்சியில் நடனம் கற்கும் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம் ஒன்றில், 2025 டிசம்பரில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு நடனம் தெரியும் என்று நினைத்து யாரும் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள், இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அடவும் தெரியாது, பாலேயும் தெரியாது. ஒரு சின்ன நடன உடைக் கடையில் அரை நாள் கணக்கு எழுதுகிறவள் நான். கடையில் ஒரு பக்கம் பாலே சாமான், இன்னொரு பக்கம் பரதநாட்டியச் சாமான். முதலாளி அம்மா அளவு பார்ப்பார், நான் பில் பார்ப்பேன். பன்னிரண்டு வருஷமாக பில் பார்க்கிறேன், இந்த வருஷம் வந்த மாதிரி பில்கள் இதுவரை வந்ததில்லை. அமெரிக்க அரசு இந்த வருஷம் வெளிநாட்டுச் சாமானுக்கெல்லாம் நாட்டுக்கு நாடு இறக்குமதி வரியைக் கூட்டியதால், சாமான் விலைக்குக் கீழே தனியாக ஒரு தொகை, ‘டாரிஃப் சர்சார்ஜ்’ என்று, அதாவது அந்த வரிக்கான கூடுதல் கட்டணம். ஒரே மொத்த வியாபாரி, ஒரே ஷூ, மூன்று மாதத்தில் மூன்று தொகை.

கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். “பிரிட்டனில் செய்த ஷூவுக்கு 10 சதவீதம்தானே கூடுதல் வரி, நூறு டாலர் ஷூ நூற்றுப் பத்து ஆகும், அதற்கு ஏன் இவ்வளவு புலம்பல்?” நியாயமான கேள்வி. உண்மையைச் சொன்னால் வரி நூறு டாலருக்கு விழுவதே இல்லை, இறக்குமதி விலைக்குத்தான் விழும். ஒரு பேச்சுக்கு அது 40 டாலர் என்று வையுங்கள், வரி 4 டாலர். ஆனால் மொத்த வியாபாரி தன் லாபத்தைச் சதவீதத்தில்தான் போடுவார், நாங்களும் அப்படித்தான், அதனால் அந்த 4 டாலர் உங்கள் கைக்கு வரும்போது 8 ஆகலாம், 10-உம் ஆகலாம். சரி, அதையும் தாங்கிக்கொள்ளலாம் என்றே வைத்துக்கொள்வோம். என் கவலை விலைச்சீட்டைப் பற்றியது இல்லை, அலமாரியைப் பற்றியது.

பாய்ண்ட் ஷூ, அதாவது பாலேயில் விரல் நுனியில் நிற்பதற்கான காலணி, முதல்முறை வாங்கும்போது நீங்கள் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு வயதுப் பெண் வந்து உட்காருவாள். முதலாளி அம்மா தரையில் உட்கார்ந்து அவள் விரல்களைப் பார்ப்பார், பெருவிரல் நீளமா, இரண்டாவது விரல் நீளமா, பாதம் மேலே வளைந்ததா, தட்டையா. ஒரு ஜோடி போட்டு, கம்பியைப் பிடித்து ஏறச் சொல்லி, குதிகால் பக்கம் சாட்டின் துணியைக் கிள்ளிப் பார்ப்பார். “விரல் மடங்குதா கண்ணு? எங்கே அழுத்துது?” அப்புறம் கழற்றி அடுத்த ஜோடி, அதற்கடுத்த ஜோடி. நாற்பது நிமிஷம், எட்டு ஜோடி, விற்பது ஒன்று. (சில பேர் அந்த ஒன்றின் அளவையும் போனில் படம் பிடித்துக்கொண்டு போய் ஆன்லைனில் வாங்குவார்கள், அவர்களும் இந்த அறையில் இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும்.)

அந்த எட்டு ஜோடியைக் காட்டவேண்டும் என்றால் கடையில் எவ்வளவு இருக்கவேண்டும்? ஒரு மாடலுக்கு நீளம் 15, அகலம் 4, உள்ளே இருக்கும் அடித்தகட்டின் விறைப்பு 3 என்று கணக்குப் போடுங்கள். 180 ஜோடி, ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று. மொத்த விலை 60 டாலர் என்றால் 10,800 டாலர், ஒரே மாடலுக்கு, அதுவும் பாதி அளவுகள் வருஷத்துக்கு ஒரு தடவைகூட விற்காது. மளிகைக் கடைக்காரர் விற்காததை வைக்காமல் விடலாம், எங்கள் கடையே விற்காததை வைத்திருப்பதால்தான் கடை. இறக்குமதி வரியோ சாமான் உள்ளே வரும்போதே கட்டவேண்டியது, விற்ற பிறகு இல்லை. மொத்த வியாபாரி கட்டிவிட்டு எங்கள் பில்லில் ஏற்றுவார், நாங்கள் கட்டிவிட்டு, அந்த அளவுக்குப் பொருந்தும் ஒரு பாதம் வந்து சேரும்வரை காத்திருப்போம். கையில் இருக்கிற பணம் அதே பணம்தான். விலை ஏறினால் எண்ணிக்கை குறையும். எது குறையும்? மிக ஒடுக்கமான பாதத்துக்கானது, மிக அகலமான பாதத்துக்கானது.

நிறமும் அப்படித்தான். பாய்ண்ட் ஷூ காலங்காலமாக இளஞ்சிவப்புதான். கறுத்த தோல்காரர்கள் ஃபவுண்டேஷன் வாங்கி ஷூவின்மேல் பூசிக்கொண்டு ஆடினார்கள். 2018-ல் லண்டனின் ‘ஃப்ரீட்’ ஷூ கம்பெனி, கறுப்பின, ஆசியக் கலைஞர்கள் ஆடும் ‘பாலே பிளாக்’ குழுவோடு சேர்ந்து பழுப்பு நிறத்தில் கொண்டுவந்தது. நம் பிள்ளைகளின் தோலுக்கு அதுதான் பொருந்தும். ஆனால் கடைக்கு ஒரு நிறம் கூடினால் இன்னொரு 180 ஜோடி. முதலாளி அம்மா பிடிவாதமாக முப்பது ஜோடி வைத்திருந்தார், இந்த வருஷம் அதை நிறுத்தச் சொன்னவள் நான்தான். கணக்கு அப்படித்தான் வந்தது.

அப்புறம் காலம். எங்களுக்கு ஆகஸ்ட்தான் தீபாவளி, செப்டம்பரில் வகுப்பு தொடங்குவதால் வருஷ வியாபாரத்தில் பெரும்பங்கு அந்த மாதத்தில்தான். இந்த ஆகஸ்டில் என்ன நடந்தது பாருங்கள். 6-ஆம் தேதி பிரேசிலுக்கு 50 சதவீதம், ‘சோ டான்சா’ அங்கிருந்து வருகிற பிராண்ட். 7-ஆம் தேதி தாய்லாந்துக்கு 19, ‘ப்ளோக்’ (Bloch) என்ற பிராண்டின் ஷூக்கள் அங்கே தைக்கப்படுகின்றன. அதே நாள் இந்தியாவுக்கு 25, 27-ஆம் தேதி இன்னொரு 25. 29-ஆம் தேதி, 800 டாலருக்குள் வரும் பார்சலுக்கு இருந்த வரி விலக்கும் போனது. ஏப்ரலில் சீனாவுக்கு 145 வரை போய் மே மாதம் 30-க்கு இறங்கியதைச் சொல்லவே வேண்டாம். ஆர்டர் போட்ட நாளின் வரி கணக்கில் வராது, சரக்கு உள்ளே வரும் நாளின் வரிதான். வசந்தத்தில் ஆர்டர் கொடுத்தவருக்கு ஆகஸ்டில் என்ன விலை என்று தெரியாது.

இந்தியாவுக்கான 50-தான் இந்த அறையில் நேராக விழுந்தது. அரங்கேற்றத்துக்கு மூன்று உடுப்பு, சென்னைத் தையல்காரரிடம் அளவு அனுப்பி, பட்டு எடுத்து, முன்பக்க விசிறி மடிப்பு, மேலாக்கு, இடுப்புப்பட்டை எல்லாம் தைத்து கூரியரில் வரும். 300 டாலர் பார்சல் முன்பு வரியில்லாமல் வீட்டு வாசலுக்கு வந்தது. இப்போது கூடுதல் வரி மட்டுமே 150, வழக்கமான துணி வரி தனி, கூரியர்காரர் கட்டணம் தனி. ஆகஸ்ட் 25 முதல் இந்தியத் தபால் துறை அமெரிக்காவுக்குப் பார்சல் எடுப்பதையே நிறுத்தி, அக்டோபர் நடுவில்தான் மறுபடி தொடங்கியது. 100 டாலருக்குள் பரிசுக்கு வரி இல்லை என்று கேள்விப்பட்ட ஒரு அப்பா, “மேலாக்கைத் தனியா, விசிறியைத் தனியா பாட்டி பேரில் அனுப்பச் சொல்லலாமாங்க?” என்று கேட்டார். காசு கொடுத்துத் தைத்தது பரிசு இல்லை சார் என்றேன். அவருக்கு என்மேல் வருத்தம்.

இதில் எங்களுக்கு நல்லதும் ஒன்று உண்டு, அதை மறைக்கமாட்டேன். 800 டாலர் விலக்கு இருந்தவரை சீனாவிலிருந்து எட்டு டாலர் லியோடார்ட் (உடம்போடு ஒட்டிய நடன உடை) வரியே இல்லாமல் உங்கள் வீட்டுக்கு வந்தது. மொத்தமாக இறக்குகிறவர்களோ பழைய காலத்திலிருந்தே செயற்கை நூல் உடைக்கு எக்கச்சக்கமாகக் கட்டினார்கள், ஒரு பாலியஸ்டர் பின்னல் டிஷர்ட்டுக்கு 32 சதவீதம், பருத்திக்கு அதில் பாதிதான். நடன உடை முழுக்க நைலானும் ஸ்பாண்டெக்சும். இப்போது அந்த எட்டு டாலர்காரரும் வரி கட்டுகிறார். அந்த ஒரு விஷயத்தில் நான் கைதட்டினேன், தனியாக.

“இங்கேயே செய்யலாமே?” செய்கிறார்கள். ‘கெய்னர் மிண்டன்’ மாசசூசெட்ஸில் லாரன்ஸ் ஊரில் செய்கிறது, உள்ளே பாலிமர், நல்ல ஷூ. ஆனால் எல்லாப் பாதத்துக்கும் அது ஒத்துவராது. பழைய முறை ஷூ பசையும் சாக்குத்துணியும் காகிதமுமாக அடுக்கி, கையால் உருவாக்கி, அடுப்பில் காயவைப்பது. ஃப்ரீடில் ஒவ்வொரு கைவினைஞருக்கும் அடியில் தனி முத்திரை உண்டு, ஆடுகிறவர்கள் அந்த முத்திரையைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். அந்தக் கையை இங்கே உருவாக்க வருஷங்கள் ஆகும், வரியோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது. இந்த நிலையில் யார் முதல் போடுவார்?

இந்த வரிகளை எதிர்த்த வழக்கை நவம்பர் 5-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேட்டது, வழக்குப் போட்டவர்களில் ஒருவர் பொம்மைக் கம்பெனிக்காரர், இன்னொருவர் ஒயின் இறக்குமதிக்காரர், சின்ன ஆட்கள்தான். இந்த 2025 டிசம்பர் வரை தீர்ப்பு வரவில்லை. வரி செல்லாது என்றே வந்து பணம் திரும்பினாலும், சுங்கத்தில் கட்டியவருக்குத்தான் திரும்பும். மொத்த வியாபாரி எங்களுக்குத் தந்தால் உண்டு. நீங்கள் கூடுதலாகக் கொடுத்த எட்டு டாலர் எந்தத் தாளிலும் உங்கள் பேரில் இல்லை, அதனால் அந்த நினைப்பே வேண்டாம்.

செப்டம்பரில் ஒரு பெண் அம்மாவோடு வந்தாள், முதல் பாய்ண்ட் ஷூ, பழுப்பு நிறம் வேண்டும் என்று. இளஞ்சிவப்பில் போட்டு அளவு பார்த்து, பழுப்பில் தனி ஆர்டர் போட்டோம். தனி ஆர்டரைத் திருப்ப முடியாது. மொத்த வியாபாரி பத்து ஜோடி சேர்ந்த பிறகுதான் இறக்குவேன் என்றார், பதினோரு வாரம் ஆனது. போன வாரம் வந்தது, கூப்பிட்டுப் போட்டுப் பார்த்தோம். அவள் கால் இதற்குள் அரை அளவு வளர்ந்திருந்தது. பெட்டி என் மேஜைக்குக் கீழே இருக்கிறது, யாருக்காவது நாலரை, ஒடுக்கப் பாதம் என்றால் சொல்லுங்கள்.