அலங்கத்துக்காக இடிபட்ட வீடுகள்: வேதாகம அரசர் காலத்தை நாவலாக்குவது பற்றி

அவையோர் அனைவருக்கும் வணக்கம். வேதாகம அரசர்களின் காலத்தில் சரித்திர நாவல் எழுதுவதைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். சவுல் தொடங்கி, எருசலேம் தீக்கிரையான கி.மு. 586 வரை நானூறு ஆண்டுகளைத் தாண்டும் காலம் அது. அவ்வளவையும் ஒரு மாலையில் அளந்துவிட முடியாது என்பதால், ஒரே ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அசீரிய அரசன் சனகெரிப் யூதா நாட்டின்மேல் படையெடுத்து வந்த கி.மு. 701 அது. எருசலேமில் அப்போது எசேக்கியா ஆண்டுகொண்டிருந்தான்.

வேதாகமத்தில் ஏசாயா புத்தகத்தின் 22ஆம் அதிகாரத்தில், போகிற போக்கில் ஒரு வசனம் வருகிறது. எருசலேமின் வீடுகளை எண்ணினீர்கள், அலங்கத்தைப் பலப்படுத்த வீடுகளை இடித்தீர்கள் என்று தீர்க்கதரிசி நகரத்தாரைக் கடிந்துகொள்கிறார். அலங்கம் என்பது நம் பழைய வேதாகமத் தமிழில் மதில். 1970களில் எருசலேமின் பழைய நகருக்குள் தொல்லியலாளர் நாகுமான் அவிகாத் அகழ்ந்தபோது, சுமார் ஏழு மீட்டர் அகலமுள்ள ஒரு மதிலின் அடிப்பகுதி வெளிப்பட்டது. அது குடியிருந்த வீடுகளின் சுவர்களை வெட்டிக்கொண்டு, அவற்றின் மேலேயே எழும்பியிருந்தது. என் நாவல் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. எந்த வீடு நிற்கலாம், எது விழவேண்டும் என்று எண்ணிச் சொன்னவன் ஒருவன் இருந்திருப்பான். தன் வீடும் அந்தக் கணக்கில் வந்தபோது அவன் என்ன செய்தான் என்பதை எந்த ஆகமமும் சொல்லவில்லை.

சொல்லாமல் விடுவது, அரசர்களின் கதையைச் சொல்லும் வேதாகமத்தின் இராஜாக்கள் புத்தகத்துக்கு வழக்கம். ஒவ்வோர் அரசனின் கதையும் முடியும்போது, அவனுடைய மற்றச் செயல்கள் நாளாகமப் புத்தகத்தில் எழுதியிருக்கின்றன அல்லவா என்று கேட்டுவிட்டு ஆசிரியர் அடுத்தவனிடம் போய்விடுகிறார். அவர் சுட்டும் அந்த அரசவைக் குறிப்புகளோ நமக்குக் கிடைக்கவில்லை. யூதாவுக்கு வடக்கே இருந்த இஸ்ரவேலை ஆண்டு, அதன் தலைநகர் சமாரியாவைக் கட்டிய உம்ரிக்கு ஆகமம் ஒதுக்குவது சில வசனங்கள்தான், ஆனால் அவன் வம்சம் வீழ்ந்த பிறகும் அசீரியர்கள் இஸ்ரவேல் நாட்டை ‘உம்ரியின் வீடு’ என்றே எழுதிவந்தார்கள். ஆகமத்தை எழுதியவருக்கு அரசன் கட்டிய நகரத்தைக் காட்டிலும் அவன் எந்தத் தெய்வத்தை வணங்கினான் என்பதே பெரிது. அதைக் குறையென்று நான் சொல்லமாட்டேன். அந்த அளவுகோலைத் தெரிந்துகொள்ளாமல் அவர் விட்ட இடங்களை நிரப்பப் புறப்படுகிறவர்களைத்தான் குறை சொல்வேன்.

701க்கு வருவோம். இந்த ஆண்டுக்கு இரு தரப்புச் சாட்சியமும் இருக்கிறது என்பதே இதன் அருமை. நாற்பத்தாறு அரணான நகரங்களைப் பிடித்தேன், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமுக்குள் அடைத்தேன் என்று சனகெரிப் களிமண் பட்டகத்தில் எழுதிவைத்தான். நகரைப் பிடித்தேன் என்று மட்டும் அவன் எழுதவில்லை. ஆகமமோ கர்த்தருடைய தூதன் ஒரே இரவில் 1,85,000 பேரைச் சங்கரித்தான் என்கிறது. எசேக்கியா கப்பமாகச் செலுத்திய பொன் முப்பது தாலந்து (தாலந்து அக்காலத்துப் பெரிய எடை அளவு) என்பதில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். வெள்ளி ஆகமத்தில் முந்நூறு தாலந்து, அசீரியனின் கணக்கில் எண்ணூறு. இந்த வேறுபாட்டைச் சமாதானப்படுத்தப் பல விளக்கங்கள் உண்டு. நாவலாசிரியன் அவற்றில் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. தேவாலயக் கதவுகளிலிருந்து உரித்த பொன்தகட்டைத் தராசில் வைக்கிற ஊழியனின் கண்ணால் அந்தக் காட்சியை எழுதினால், அவனுக்குத் தெரிவதெல்லாம் எந்தக் கதவு வெறும் மரமாக நிற்கிறது என்பதுதான்; இரண்டு அரசர்களும் தத்தம் கணக்கைப் பிற்பாடு எழுதிக்கொள்ளட்டும்.

யூதாவின் அரணான நகரங்களில் ஒன்றான லாகீஸ் இதைவிடக் கடினமானது. சனகெரிப் லாகீசில் இருந்தான் என்று சொல்லும் ஆகமம், அந்த நகரத்துக்கு நேர்ந்ததை விவரிக்கவில்லை. அசீரியத் தலைநகர் நினிவேயில் அவனுடைய அரண்மனைச் சுவரோ அதைக் கல்லில் செதுக்கி வைத்திருந்தது. 1840களில் ஆங்கிலேய அகழ்வாளர் லேயார்டு அதைக் கண்டெடுத்தார், இன்று அது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கழுவேற்றப்பட்டவர்கள், மாட்டுவண்டியில் மூட்டைகளின்மேல் உட்கார்ந்து நாடுகடந்து போகும் பெண்களும் பிள்ளைகளும், சிங்காசனத்தில் அமர்ந்து பார்வையிடும் அரசன் என்று எல்லாம் அதில் உண்டு. ஆனால் அந்தச் சிற்பி வென்றவனின் கூலியாள். வண்டியில் போகிறவளின் முகத்தை அவன் அவளுக்காகச் செதுக்கவில்லை என்ற நினைப்பு, அந்த அத்தியாயத்தை எழுதும்போது கைக்கு அருகில் இருக்கவேண்டும்.

பொருள்களில் நாம் வழுக்கும் இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழில் சரித்திரக் கதை என்றாலே ஓலையோடு ஓர் ஒற்றன் குதிரையில் வந்துவிடுகிறான். யூதாவில் ஓலை கிடையாது. அவர்கள் பானை ஓட்டிலும் பாப்பிரசுத் தாளிலும் மையால் எழுதினார்கள். தாளைச் சுருட்டி நூலால் கட்டி, களிமண் உருண்டையில் முத்திரை பதித்தார்கள். எசேக்கியாவின் பெயர் பொறித்த அத்தகைய முத்திரை மண் ஒன்று எருசலேமில் கிடைத்ததை 2015இல் அறிவித்தார்கள். அதன் பதிவு விரல் நகத்தளவுதான். அடுத்தது காசு. வேதாகமத் தமிழில் வெள்ளிக்காசு என்ற சொல் வருவதால் பாத்திரங்கள் பையைக் குலுக்கி நாணயம் வீசுகிறார்கள். அக்காலத்தில் அங்கே நாணயமே இல்லை. சேக்கல் என்பது எடை அளவு, சுமார் பதினொரு கிராம். கல்லை ஒரு தட்டிலும் வெள்ளித் துண்டை மறு தட்டிலும் வைத்து நிறுத்தே கொடுத்தார்கள்.

மொழியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல ஆசைப்படுகிறேன். மதிலருகே வந்து மிரட்டிய ரப்சாக்கேயை எதிர்கொள்ள மூன்று அதிகாரிகள் போகிறார்கள். ரப்சாக்கே என்பது ஆளின் பெயரன்று, அசீரிய அரசவைப் பதவியின் பெயர். எங்களுக்கு அரமேய மொழி தெரியும், அலங்கத்தின்மேல் இருக்கிற ஜனங்கள் கேட்க யூத மொழியில் பேசவேண்டாம் என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். அவனோ மேலும் உரத்து, யூத மொழியிலேயே, மதில்மேல் நின்ற எளியவர்களைப் பார்த்துப் பேசுகிறான். அந்தக் காட்சியின் உயிர் முழுவதும் இரண்டு மொழிகளுக்கு நடுவே இருக்கிறது. எல்லாரையும் ஒரே செந்தமிழில் பேசவைத்தால் அது செத்துப்போகும். அந்த மூவரில் ஒருவனான செப்னாவைப் பழைய மொழிபெயர்ப்பு ‘சம்பிரதி’ என்கிறது. மொழிபெயர்த்தவர்கள் தங்கள் காலத்துக் கச்சேரிகளில், அதாவது அரசு அலுவலகங்களில், கணக்கெழுதுபவருக்குப் புழங்கிய உத்தியோகப் பெயரை எடுத்து எபிரேயனுக்குச் சூட்டினார்கள், அது பொருந்தியும் போனது. நாமோ சோழர் கதைகளிலிருந்து ‘மன்னர் மன்னா’வை எடுத்து எசேக்கியாவுக்குச் சூட்டுகிறோம், அது பொருந்தவில்லை; மலைமேல் இருந்த ஒரு சிறிய தலைநகரின் அரசன் அவன். ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘இதோ’ என்று தொடங்கும் வேதாகம நடையும் உரையாடலுக்கு உதவாது, ஏனென்றால் வாசகர் காதில் அது உடனே பிரசங்கமாக ஒலிக்கத் தொடங்கிவிடும். நான் அரண்மனைக்குள் அளந்த எழுத்துத் தமிழையும், மதில்மேல் நிற்பவர்களுக்கு எளிய குடியானவர் தமிழையும் வைத்துக்கொண்டு, ரப்சாக்கே முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவுவதாக எழுதிப் பார்த்தேன். ஓரளவுக்குக் கைகொடுத்தது.

இங்கே ஒரு சபலத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த மயில்களைக் குறிக்கும் எபிரேயச் சொல் நம் ‘தோகை’யிலிருந்து போனது என்று கால்டுவெல் காலத்திலிருந்து சொல்லிவருகிறார்கள். அந்தச் சொல் மயிலைத்தான் குறிக்கிறதா என்பதிலேயே அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. தமிழ் வணிகன் ஒருவனை எருசலேம் அரண்மனைக்குள் நடக்கவிட எனக்கும் கை துறுதுறுத்தது. ஒற்றைச் சொல் அவ்வளவு பாரம் தாங்காது என்று விட்டுவிட்டேன்.

கடைசியாகச் சுரங்கம். எருசலேமின் மதிலருகே இருந்த கீகோன் ஊற்றின் நீரை நகருக்குள் கொண்டுவர, பாறையைக் குடைந்து அரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். எசேக்கியா குளமும் நீர்க்காலும் உண்டாக்கினான் என்று ஆகமம் சொல்வதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் இதனோடு பொருத்துகிறார்கள். 1880இல் அதன் சுவரில் ஆறு வரிக் கல்வெட்டு ஒன்று கண்ணில் பட்டது. இப்போது அது இஸ்தான்புல்லில் இருக்கிறது. இரு முனைகளிலிருந்தும் குடைந்து வந்தவர்களுக்கு நடுவே மூன்று முழப் பாறை மிச்சமிருந்தபோது, ஒருவன் மற்றவனைக் கூப்பிடும் குரல் கேட்டதாகவும், பிறகு உளிக்கு எதிர் உளியாக வெட்டி அவர்கள் சந்தித்ததாகவும், தண்ணீர் 1,200 முழம் ஓடியதாகவும் அது சொல்கிறது. நமக்குக் கிடைத்திருக்கும் அந்த வரிகளில் எந்த அரசனின் பெயரும் இல்லை. வீடுகளை எண்ணிய என் கணக்கன், தன் வீடு போன பிறகு, அந்த இருட்டுக்குள் விளக்குகளுக்கு எண்ணெய் அளந்து கொடுக்கப் போகிறான். பாறைக்கு அப்பாலிருந்து வரும் குரல் யாருடையது என்பதை இன்னும் நான் எழுதி முடிக்கவில்லை.