தானே சரிசெய்தால் சொல்ல வேண்டாமா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பென் டிரைவைச் செருகியதும், "இதில் கோளாறு இருக்கலாம், சோதித்துச் சரிசெய்யட்டுமா?" என்று கம்ப்யூட்டர் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். நாம் படித்தும் பார்க்காமல் மூடிவிடுகிறோம். உள்ளே போனால் கோப்புகள் எல்லாம் ஒழுங்காகத் திறக்கின்றன. அப்புறம் எதற்கு அந்தக் கேள்வி?

போன தடவை 'எஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்கியிருப்போம், அவ்வளவுதான். எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளும் நிரலுக்கு ஃபைல்சிஸ்டம் டிரைவர் என்று பெயர். பயன்பாடு தொடங்கும்போது அது ஓர் அடையாளம் போடும்; முறையாகக் கழற்றினால் நீக்கிவிடும். பிடுங்கினால் அடையாளம் அப்படியே நின்றுவிடும். பெரும்பாலும் பழுது எதுவும் இருக்காது. இப்படிச் சும்மா சும்மா கேட்டால், நிஜமாகவே பழுது வந்த அன்றும் மூடத்தான் செய்வோம்.

எனக்குத் தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர் மூடவில்லை. கல்யாண வீட்டு மெமரி கார்டு. "சரிசெய்" என்று கொடுத்தார். "பிழைகள் சரிசெய்யப்பட்டன" என்று வந்தது. திறந்து பார்த்தால் முகூர்த்தப் படங்களைக் காணோம்! யாருடைய மென்பொருள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எந்தக் கோப்போடும் சேராமல் கிடந்த துண்டுகளை அது திரட்டி, 'ஃபவுண்ட் பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம்' என்று ஒரு ஃபோல்டரில் போட்டிருந்தது. அதுவும் கண்ணுக்குத் தெரியாத மறைவு ஃபோல்டர். கோப்புகளுக்குப் பெயர் கிடையாது, வெறும் எண்தான், கடைசியில் 'சிஎச்கே'. அதை 'ஜேபிஜி' என்று மாற்றி ஒவ்வொன்றாகத் திறந்தோம். தாலி கட்டும் படம் முழுசாக வந்தது. மாலை மாற்றும் படத்தில் மேல்பாதிதான். கீழே சாம்பல் பட்டை. "சரிசெய்தேன்னு சொல்லத் தெரியுது, எதை எடுத்து எங்கே போட்டேன்னு ஒரு வரி சொல்லக்கூடாதா சார்?" என்றார்.

இதைச் செய்தது டிரைவர் இல்லை, கூட வரும் சோதனை நிரல் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சரி. அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

எல்லாத் திருத்தத்தையும் சொல்லத் தேவையில்லை. லினக்ஸ் ஓடும் கம்ப்யூட்டரில் கரண்ட் போய் வந்தால், ஈஎக்ஸ்டி4 என்ற ஃபைல்சிஸ்டம், அதாவது வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை, தன் ஜர்னலைப் பார்க்கும். செய்ய நினைத்ததை முன்கூட்டியே குறித்துவைக்கும் இடம் அது. அதன்படி முடித்துவிட்டு, மீட்பு முடிந்தது என்று பதிவில் ஒரு வரி எழுதும். திரையில் எதுவும் வராது. வரவும் வேண்டாம், அங்கே ஊகம் எதுவும் இல்லையே. ஆனால் எது யாருடையது என்று தெரியாமல் வெட்டி ஒதுக்கும்போது சொல்லியே ஆகவேண்டும். திருத்தினேன் என்பது போதாது. எந்தக் கோப்பு, எங்கே போனது, அதைச் சொல்ல வேண்டும்.

வீட்டு ஸ்டெபிலைசர் எப்போதாவது 'டக்' என்றால் நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. நாள் முழுக்க டக் டக் என்றால் லைன்மேனைக் கூப்பிடுகிறோம். சத்தமே வராமல் செய்துவிட்டால் எப்படித் தெரியும்?

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஃபோனைப் பற்றியும் பேச நினைத்தேன், அது இன்னொரு நாள். 2005இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கம்ப்யூட்டர் நிறுவனம் வெளியிட்ட இசட்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டம் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். படிக்கும்போதே பிழையைக் கண்டுபிடித்து, இன்னொரு நல்ல நகல் இருந்தால் அதிலிருந்து திருத்திவிடும். ஆனால் கணக்கு வைத்துக்கொள்ளும். நிலவரம் கேட்டால் எந்த வட்டில் எத்தனை பிழை என்று காட்டி, செயலிகளுக்குப் பாதிப்பில்லை, ஆனாலும் வட்டை மாற்ற வேண்டுமா பாருங்கள் என்கிறது. தானாகச் சொல்லும்படி நாம் அமைத்துவைக்காவிட்டால், பெரும்பாலும் கேட்டால்தான் சொல்லும் என்பதுதான் எனக்கு அதில் உள்ள ஒரே குறை. நன்றி, வணக்கம்.