ஏற்காத லூரும் ஏற்கும் மீன்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

மரத்தைச் செதுக்கி, வண்ணம் பூசி, வீட்டில் செய்த லூரை (மீனை ஏமாற்றிக் கவ்வவைக்கும் பொய் இரை) மீன் சீண்டவில்லை என்றால் பலரும் அதைப் பெட்டிக்குள் போட்டு மறந்துவிடுகிறார்கள். அது வீண் இல்லை, சற்று மாற்றினால் வேறு மீன்களுக்கு உதவும். தெளிந்த நீரில் தூண்டிலுக்குப் பழகிய மீன், லூரின் பின்னாலேயே வந்து, உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். கூட்டமாக வேட்டையாடும் பாரைக்கு அந்த நிதானம் இல்லை. தயங்கினால் அடுத்த மீன் கவ்விவிடும். கலங்கல் நீரில் பதுங்கியிருக்கும் விரால், அசைவையும் அதிர்வையும் வைத்தே பாய்கிறது. இந்த மீன்களுக்காக லூரை மாற்றும்போது வண்ணத்தில் நேரம் செலவிட வேண்டாம். உடலின் உறுதியையும் தூண்டில் முள்ளையும் கவனியுங்கள்.

முதல் வேலை கம்பி. நாசூக்கான மீனுக்குச் செய்த லூரில் பெரும்பாலும் சிறு திருகு வளையங்கள்தான் இருக்கும். மென்மரத்தில் இறங்கிய திருகைப் பாரை ஒரே இழுப்பில் பிடுங்கிவிடும். எனவே வளையங்களையும், எடைக்காக வயிற்றில் வைத்த ஈயத்தையும் எடுத்துவிட்டு, வயிற்றுப் பக்கமாக மூக்கிலிருந்து வால்வரை ஹாக்ஸா பிளேடால் நடு உடல் ஆழத்துக்கு அறுத்துக்கொள்ளுங்கள். 1 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை மூக்கு, வயிறு, வால் மூன்று இடத்திலும் வளையம் விட்டு, துண்டாக்காமல் ஒரே கம்பியாக வளைத்து உள்ளே வையுங்கள். ஈயம் கம்பிக்குக் கீழே, வயிற்றின் விளிம்பை ஒட்டி வர வேண்டும். மேலே ஏறினால் லூர் மல்லாந்துவிடும். பிறகு எபாக்ஸி, அதாவது இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவைக்கும் பசை. ஐந்து நிமிடத்தில் இறுகுவது வேண்டாம், வெட்டின் அடிவரை இறங்குவதற்குள் கெட்டியாகிவிடும். மெதுவாக இறுகும் வகையை ஊற்றி ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள்.

அடுத்து முள். மூன்று கொக்கிகள் சேர்ந்த மும்முள்ளை எடுத்துவிட்டுத் தடித்த ஒற்றை முள் போடுங்கள். மீனைக் கழற்றுவதும் எளிது, முள் நிமிர்வதும் குறைவு. வயிற்று முள்ளின் வாய் லூரின் உடலைவிட அகலமாக இல்லாவிட்டால் மீன் கவ்வினாலும் குத்தாது. பழைய முள்ளையும் புதிய முள்ளையும் தராசில் வைத்துப் பாருங்கள். சின்ன லூரில் ஒரு கிராம் வித்தியாசமே ஆட்டத்தைக் கெடுக்கப் போதும். பாசி நிறைந்த இடத்தில் வயிற்று முள்ளே வேண்டாம், வால் முள் ஒன்று போதும்.

இழுக்கும்போது லூர் ஒரு பக்கமாக ஓடினால், மூக்கு வளையத்தை எதிர்ப்பக்கம் மிகச் சிறிதளவு வளையுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உதட்டுத் தகட்டை அறுத்து, பள்ளத்தை எபாக்ஸியால் அடைத்து, ஈயத்தை நடுவிலிருந்து வால் பக்கம் தள்ளி வைத்து, நீரின் மேற்பரப்பிலேயே ஓடும் மேல்மட்ட லூராக்கிவிடலாம். வால் சற்றுத் தாழ்ந்து மிதக்கும். தூண்டில் கோலின் நுனியைத் தட்டித் தட்டி, நடுநடுவே தூண்டில் நரம்பைத் தளர்த்தி இழுத்தால் இடமும் வலமும் ஆடிக்கொண்டு வரும். விராலுக்கும் பாரைக்கும் இது நன்றாகவே வேலை செய்யும். குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும் விராலை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது எதையும் பாய்ந்து கடிக்கும், பிடிப்பது எளிது; ஆனால் அது போனால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.

சீலா மீனின் பல் நரம்பை அறுத்துவிடும். லூருக்கு முன்னால் 15 முதல் 20 சென்டிமீட்டர் மெல்லிய எஃகுக் கம்பி கட்டுங்கள். தடித்த கம்பி கட்டினால் மிதக்கும் லூர் மூக்கைக் குத்திக்கொள்ளும்.

இறகு கட்டிய சிறு முட்கள் மிஞ்சியிருந்தால் மூன்று நான்கை ஒரே நரம்பில் கிளை விட்டுக் கட்டி, அடியில் ஈயம் போட்டுக் கானாங்கெளுத்திக் கூட்டத்துக்குள் இறக்குங்கள். இறகு முள்ளின் வளைவைத் தாண்டி அரை சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மீன் இறகை மட்டும் கடித்து இழுத்துவிட்டுப் போய்விடும்.

பல் பதிந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறினால் மரம் ஊதி, வண்ணம் வெடிக்கும். லூரை இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, ஓட்டைகளில் சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டு, மேலே எபாக்ஸி பூசிய பிறகே மறுபடி தண்ணீரில் விடுங்கள்.