பயலுக்குத் தண்ணி

வணக்கம். போன சம்பாவுக்கு எங்கள் வயலில் நட்டவர்கள் மேற்கு வங்காளத்திலிருந்து வந்த ஆட்கள். மன்னார்குடிப் பக்கம் இது இப்போது புதுச் செய்தி இல்லை, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக் குழுவாக வந்து நட்டுவிட்டுப் போகிறார்கள். அதில் ஓரளவு தமிழ் பேசுகிற பையன் ஒருவன் இருந்தான். ஒருநாள் விடிகாலையில் வாசலில் வந்து நின்று, "ஐயா, பயலுக்குத் தண்ணி இல்லே" என்றான். எந்தப் பயலுக்கு? குழுவில் யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நான் பதறிப்போய்ச் செம்பில் தண்ணீரோடு வந்தால், உள்ளேயிருந்து என் மனைவி சத்தம் போட்டார்: "வயலுக்குங்க! மடையைப் போய்ப் பாருங்க!"

வங்காளிகள் பேச்சில் 'வ' கிடையாது, அந்த இடத்தில் 'ப' வந்து உட்கார்ந்துகொள்ளும். விவேகானந்தர் அவர்கள் வாயில் பிபேகானந்தர். ரவீந்திரநாத் என்றால் ரொபீந்த்ரநாத். அதனால் வயல் பயலாகிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் இது எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை, மனைவிக்கு மட்டும் எப்படி விளங்கியது என்று பிறகு யோசித்தேன். அவர் திருநெல்வேலிக்காரர். கல்யாணமாகி வந்த புதிதில் விருந்தாளியைப் பார்த்து "வாரியளா" என்று கேட்டதற்கு எங்கள் வீட்டில் ஒரு வாரம் சிரித்தார்கள், நானும் சேர்ந்துதான் சிரித்தேன். முப்பது வருஷமாக எங்கள் பேச்சைக் கூர்ந்து கேட்டுக் கேட்டுப் பழகிய காது அது. எனக்கு அந்த அவசியம் வந்ததே இல்லையே, நான் பிறந்த ஊரிலேயே இருக்கிறேன்.

சரி, பதிலுக்கு நானும் நாலு வங்காளச் சொல் கற்றுக்கொள்ளலாம் என்று இறங்கினேன். நெல்லுக்கு அவர்கள் சொல்வது 'தான்'. நம் காதுக்கு அப்படித்தான் கேட்கும், ஆனால் அந்தத் 'தா'வை நெஞ்சிலிருந்து மூச்சைச் சேர்த்து அழுத்திச் சொல்ல வேண்டுமாம். மூச்சில்லாமல் சொன்னால் அது வேறு சொல், தானம் என்று அர்த்தம். நான் வரப்பில் நின்று நெல், நெல் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு கத்த, சேற்றில் நின்ற அத்தனை பேரும் குனிந்தபடியே சிரிக்கிறார்கள், பண்ணைக்காரர் பிச்சை கேட்கிறார் என்று. பத்துத் தடவை அந்தப் பையன் சொல்லிக் காட்டினான். எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்டது! வாய் வராதது ஒருபுறம் இருக்கட்டும், காதுக்கே எட்டவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. 1984இல் கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். இந்தியில் நம்முடைய 'த', 'ட' போல இரண்டு ஒலிகள் உண்டே, ஆங்கிலக்காரப் பெரியவர்களுக்கு அந்த வேறுபாடு பிடிபடுவது கஷ்டம். ஆறேழு மாதக் குழந்தைகள் அதைச் சுலபமாகக் கண்டுபிடித்தன. அதுவே ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலும் மறைந்துவிட்டது. வீட்டில் புழங்காத ஒலியைக் காது அத்தனை சீக்கிரம் தள்ளிவிடுகிறது. ஆக என் காதும் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே நெல்லையும் தானத்தையும் ஒன்றாக்கிவிட்டது, இப்போது போய் அதைத் திட்டி என்ன செய்ய?

திருவையாற்றில் ஆராதனைக்கு உட்கார்ந்து கேட்டிருப்பீர்கள். தியாகராஜர் திருவாரூரில் பிறந்து ஐயாற்றில் வாழ்ந்து தெலுங்கில் பாடினார். அதில் மூச்சு சேர்த்துச் சொல்ல வேண்டிய எழுத்துகள் நிறைய வரும், நம்மவர்கள் பலர் அதையெல்லாம் வழவழவென்று தமிழாக்கிப் பாடுவார்கள். நாம் கண்ணை மூடித் தலையாட்டுவோம், பக்கத்தில் தெலுங்குக்காரர் இருந்தால் நெளிவார். அவருக்கு நாம்தான் 'பயல்' என்கிற ஆட்கள். ஜன்னலும் சாவியும் போர்த்துகீசியச் சொற்கள், அந்த ஊர்க்காரர் நாம் சொல்லிக் கேட்டால் கண்டுபிடிப்பாரா என்பது சந்தேகம்.

டெல்டாவுக்கு வேற்றுப் பேச்சு புதிதா என்ன? பெரிய கோயில் சுவரில் 1803இல் மராட்டியில் ஒரு வம்ச வரலாற்றையே வெட்டி வைத்திருக்கிறார்கள், கும்பகோணத்தில் பட்டு நெய்யும் வீடுகளில் இன்றைக்கும் சௌராஷ்டிரம் பேசுகிறார்கள், நாகூர் போனால் "பசியாறியாச்சா" என்று கேட்பார்கள். இவ்வளவு இருந்தும் டீக்கடையில் அந்தப் பையனுக்குப் பெயர் 'இந்திக்காரன்'. அவனிடம் எல்லோரும் சினிமாவில் பொறுக்கிய இந்தியில் பேச, அவனும் தனக்குத் தாய்மொழி அல்லாத இந்தியில் தட்டுத்தடுமாறிப் பதில் சொல்வான். எனக்கு அதைப் பார்க்க எரிச்சலாகத்தான் இருக்கும். ஒருநாள் அவன் என்னை "தாதா" என்று கூப்பிட்டதும் கடையே திரும்பிப் பார்த்தது. வங்காளத்தில் அண்ணன் என்று அர்த்தம். நம் ஊரில் தாதா என்றால் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த வருஷம் ஆடி கடைசியில் அவனிடமிருந்து போன் வந்தது. "தாதா, பயல் ரெடியா?" நாற்றங்கால் இப்போதுதான் பச்சை கட்டுகிறது, இன்னும் பத்து நாளாவது ஆகும், அப்புறம் வந்தால் போதும், "பயலில் தண்ணி நிக்குது, அவசரம் இல்லை" என்று சொல்லி வைத்த பிறகுதான், அடுப்படியில் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது.