கோப்பில் வரி எங்கே முடிகிறது?

நேயர்களுக்கு வணக்கம். நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்குத் தொடக்கத்திலேயே தரப்படும் பயிற்சி, ஓர் உரைக்கோப்பைத் திறந்து வரி வரியாகப் படிப்பது. பைத்தான் மொழியில் இது ஓரிரு வரிகளில் முடிந்துவிடுவதால், உள்ளே நடப்பது என்ன என்று அறியாமலே பலர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்த அவசரம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இன்று பேச வந்தேன்.

கோப்புக்குள் வரிகள் தனித்தனியாக இருப்பதில்லை. தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே தொடராக பைட்டுகள், அதாவது கணினி சேமிக்கும் சிறு எண்கள்தாம் இருக்கின்றன. அத்தொடரில் 10 என்ற மதிப்புள்ள பைட் வரும் இடமே பொதுவாக வரியின் முடிவாகக் கொள்ளப்படுகிறது. விண்டோஸ் கோப்புகளில் அதற்கு முன்னால் 13 என்ற பைட்டும் வழக்கமாக நிற்கும். பழைய தொலையச்சு இயந்திரங்களில் அச்சுமுனையை இடது ஓரத்துக்குத் திருப்ப ஒரு குறியும், தாளை நகர்த்த மற்றொரு குறியும் தேவைப்பட்டதன் எச்சம் அது. உரையாகத் திறக்கும்போது பைத்தான் இவ்விரண்டையும் ஒரே குறியாக்கித் தருகிறது.

ஆனால் அந்தக் குறியை அது நீக்குவதில்லை. ஊர்ப்பெயர்கள் அடங்கிய கோப்பில் ‘மதுரை’யைத் தேடினால், வரியின் இறுதியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் குறியால் ஒப்பீடு பொய்த்துப்போகும். இதற்காகக் கடைசி எழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவது தவறு. கோப்பின் இறுதி வரிக்குப் பின் குறி இல்லாமலும் இருக்கலாம். அப்போது ஐகாரக் குறி வெட்டுப்பட்டு ‘மதுர’ என்றே மிஞ்சும். குறி இருந்தால் மட்டும் நீக்கும் ஆர்ஸ்ட்ரிப் என்ற செயற்கூறே பொருத்தமானது. குறியை விட்டுவைப்பதற்கும் காரணம் உண்டு: ஒரு முறைக்கு ஒரு வரி தரும் ரீட்லைன் என்ற செயற்கூறு கொண்டு படிக்கும்போது வெற்று வரி குறியோடு வரும், கோப்பு முடிந்துவிட்டால் ஓர் எழுத்தும் இல்லாத வெற்றுச் சரம் (எழுத்துத் தொடர்) வரும். குறியை நீக்கிவிட்டால் இரண்டையும் வேறுபடுத்தவே முடியாது.

தமிழில் எழுதிய கோப்பைத் திறக்கும்போது குறியாக்கம், அதாவது எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் முறை, யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். அதில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டுகள் பெறுவதால், அ, ம, புள்ளி, ம, கால் என 5 குறிகள் கொண்ட ‘அம்மா’ என்ற சொல் 15 பைட்டுகளாகிறது; வேறு குறியாக்கத்தில் படித்தால் எழுத்துகள் சிதையும் அல்லது நிரலே நின்றுவிடும்.

வரி வரியாகப் படிப்பதன் பெரும்பயன் நினைவகச் சிக்கனம். கோப்பு எவ்வளவு பெரிதானாலும் ஏறத்தாழ ஒரு வரிக்கான இடமே போதும். எனினும் வரிமுடிவுக் குறியே இல்லாத தரவுக்கோப்பு முழுவதும் ஒரே வரியாக வந்து இறங்கும் என்பதால், அத்தகைய கோப்புகளுக்கு, ரீட் என்ற செயற்கூறிடம் எத்தனை எழுத்துகள் வேண்டும் என்று அளவு சொல்லிப் பகுதி பகுதியாகப் படியுங்கள்.