நோய்க்கும் பார், பேய்க்கும் பார்

தலைமை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வேலை நாளாக இருந்தும் நேரத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாநகராட்சி உறுப்பினர் அம்மா அவர்களே, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இந்த அரங்கை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட நிர்வாகிகளே, மைக் செட் போட்ட தம்பி, முதுநகரிலிருந்தும் நெல்லிக்குப்பத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். உறுப்பினர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி. போன வருஷம் தெருவிளக்குக்காக நாங்கள் மனுவோடு அலைந்தபோது வெயிலில் எங்கள் கூடவே நின்றவர். அதை மேடையில்தான் சொல்லவேண்டும்.

'மனநோய்க்குப் போதை மருந்தா?' என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். மூன்று விஷயம் பேசுகிறேன். மருந்து, சட்டம், நம்ம ஊர்.

எங்கள் ஆயா அடிக்கடி சொல்லும், 'நோய்க்கும் பார், பேய்க்கும் பார்' என்று. காய்ச்சலுக்குக் கஷாயமும் வைக்கும், மிளகாயும் சுற்றிப் போடும். மனசு சம்பந்தப்பட்ட வியாதி என்றால் மட்டும் நாம் முதல் பாதியை விட்டுவிட்டுப் பேய்க்கு மட்டும்தான் பார்க்கிறோம்.

சரி, மருந்துக்கு வருகிறேன். ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன் என்ற வேதியியலாளர் 1938-ல் எல்.எஸ்.டி. என்ற போதைப் பொருளைத் தயாரித்து ஓரமாக வைத்தார். 1943-ல் மறுபடி எடுத்தபோது கொஞ்சம் அவர் உடம்புக்குள் போய்விட்டது, அப்போதுதான் அது மனசை என்ன பாடுபடுத்தும் என்று தெரிந்தது. 1950-களில் மருத்துவர்கள் அதைக் குடிநோயாளிகளுக்குக்கூடக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்புறம் அது தெருவுக்கு வந்தது, 1971-ல் இந்த மாதிரிப் பொருள்களைக் கட்டுப்படுத்த ஐ.நா. ஒப்பந்தம் வந்தது, ஆராய்ச்சி பல வருஷம் கிட்டத்தட்ட முடங்கியே போனது.

இப்போது திரும்பியிருக்கிறது. எல்.எஸ்.டி. போலவே மனசை மாற்றுகிற, சிலவகைக் காளான்களில் இருக்கிற சைலோசைபின் என்ற பொருளை, வேறு மருந்துக்கு அடங்காத மனச்சோர்வு உள்ள 233 பேருக்குக் கொடுத்துப் பார்த்து 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே ஒரு தடவை 25 மில்லிகிராம் வாங்கியவர்கள், பேருக்கு 1 மில்லிகிராம் வாங்கியவர்களைவிட மூன்றாவது வாரத்தில் நன்றாகவே தேறியிருந்தார்கள். ஆனால் 12 வாரம் வரை அந்தப் பலன் நிலைத்தது ஐந்தில் ஒருவருக்குத்தான். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து, தனி அனுமதி பெற்ற மனநல மருத்துவர் மட்டும் இதை எழுதிக் கொடுக்கலாம். பேரதிர்ச்சியால் வரும் மன உளைச்சலுக்கு எம்.டி.எம்.ஏ. என்ற இன்னொரு போதைப் பொருளை மருந்தாகக் கொடுக்க அமெரிக்காவில் அனுமதி கேட்டார்கள், 2024 ஆகஸ்டில் அந்த நாட்டு மருந்து நிர்வாகம் இன்னொரு சோதனை செய்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டது.

இங்கே இருக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். கொடைக்கானலில் காளான் கிடைக்கும் என்று பைக் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே சோதனையில் கொடுத்தது எடைபோட்ட மருந்து. காட்டுக் காளானில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும், அதே மாதிரி இருக்கிற விஷக் காளானும் உண்டு. குடும்பத்தில் மனச்சிதைவு இருக்கிறவர்களைப் பொதுவாக அந்தச் சோதனையிலேயே சேர்ப்பதில்லை.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். மருந்து கொடுப்பதற்கு முன்னால் பல நாள் பேசுகிறார்கள். மருந்து கொடுத்த அன்று, கண்ணைக் கட்டிப் படுக்கவைத்து, ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம், பயிற்சி பெற்ற ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். மறுநாளும் பேசுகிறார்கள். எட்டு மணி நேரம்! எனக்கு எங்கள் அண்ணன் ஞாபகம் வந்தது.

பெரியப்பா மகன், தேவனாம்பட்டினம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, வலை பிரித்துக்கொண்டிருந்தவரைத் தண்ணீர் தூக்கிக்கொண்டுபோய்ப் பனைமரத்தில் சாத்தியது. உயிர் பிழைத்தார். ஆனால் அன்றைக்கு அப்புறம் ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு நீலப் பாலித்தீன் பையில் சுருட்டி லுங்கி மடிப்பில் கட்டிக்கொண்டார். குளிக்கும்போதும் அது இடுப்பில், தூங்கும்போதும் இடுப்பில். தூங்கினார் என்று எங்கே சொல்வது, அலைச் சத்தம் காதில் விழக்கூடாது என்று மார்கழிக் குளிரிலும் ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அண்ணி மந்திரித்தார்கள், தாயத்து கட்டினார்கள், மூன்று கோயிலில் கொண்டுபோய்த் தங்கவைத்தார்கள். மூன்று வருஷம் பேய்க்குப் பார்த்தோம். அப்புறம் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். விடிகாலையில் டோக்கன், பகல் பன்னிரண்டுக்கு முறை வந்தது, நாலு நிமிஷம். மருத்துவரைக் குறை சொல்லமாட்டேன், அவருக்கு வெளியே நூறு பேர் நிற்கிறார்கள். மாத்திரை கொடுத்தார், தூக்கம் வந்தது. பை இறங்கவில்லை.

ஒரு நாள் அங்கே இருந்த நர்சம்மா, டூட்டி முடிந்து கிளம்புகிற நேரம், வேப்பமரத்தடி பெஞ்சில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, 'இடுப்பில் என்ன அண்ணே?' என்று கேட்டார். ஒரு மணி நேரம் ஆனது. அன்றுதான் அவர் அழுதார், மூன்று வருஷத்தில் முதல் தடவை. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை போகும்போதும் அந்த அம்மா பத்து நிமிஷமாவது உட்கார்ந்தார். ஆறாவது மாதம், ஒரு சாயங்காலம், அண்ணன் பையை அவிழ்த்துச் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார். அண்ணி எனக்குப் போன் செய்து, 'தம்பி, மாட்டிட்டார்' என்று அந்த ஒரு வார்த்தைதான் சொன்னார்கள்.

நோய்க்கும் பார் என்று ஆயா சொன்னதற்கு எனக்கு இதுதான் அர்த்தம். மாத்திரை வேண்டும், பக்கத்தில் உட்கார ஆளும் வேண்டும். மேல்நாட்டு மருந்து நாளைக்கே இங்கே வந்தால்கூட, நாலு நிமிஷ ஓ.பி.யில் அதை யார் கொடுப்பது? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு சேவையில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. ஆகவே ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் வாரம் இரண்டு நாள் ஓர் ஆலோசகர், ஒரு ஆளுக்கு அரை மணி நேரம், கதவு மூடுகிற ஒரு அறை. இவ்வளவுதான் கேட்கிறோம்.

இன்று இரவே மனசு தாங்கவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசில்லை, தமிழில் பேசலாம். எழுதிக்கொள்ளுங்கள்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து அண்ணன் போட்டது. உறுப்பினர் அம்மா இரண்டாவதாகப் போடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், பேனா கொண்டுவந்திருக்கிறேன். வணக்கம்.